சிவப்பு அட்டை ரகசியம்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளியின் ரகசியத்தைக் கண்ணும் கருத்துமாகக் காப்பார்கள். பிரசவத்துக்குப் போன எனக்குக் கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்ததும், யாருக்கும் தெரியக்கூடாதென்று என் கட்டிலில் சிவப்பு அட்டை கட்டினார்கள். அதில் கொட்டை எழுத்தில் 'ரகசியம்' என்று இருந்தது. வார்டில் வேறு எந்தக் கட்டிலுக்கும் அட்டை கிடையாது.

ஞாயிறு காலை மகள் பிறந்தாள். கிருமி அவளுக்கு ஒட்டாமலிருக்க, ஒரு நாளைக்குள் தடுப்பூசி போட்டாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நர்ஸ் அனுராதா அக்கா மருந்தறைக்கு ஓடினார். ஊசி மருந்து இருக்கிற பிரிட்ஜின் சாவி மருந்தறைப் பொறுப்பாளர் தாணுமாலையன் சாரிடம். பேச்சு வார்டு வரைக்கும் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை திறக்கப்படாதும்மா. நாளைக்குப் பாப்போம்."

"அவசரம் சார்."

"அப்ப காரணத்த எழுதுங்க."

"ரகசியம் சார். எழுதக்கூடாது."

"சரி, 'ரகசியம்'னு எழுதுங்க."

"ரகசியம் இருக்குன்னு தெரிஞ்சிருமே சார்!"

"ஆமா, அதுவும் நியாயந்தான்."

இருவரும் விதிமுறைப்படி யோசிக்கத் தொடங்கினார்கள். மத்தியானம் ஆகிவிட்டது.

பக்கத்துக் கட்டில் ஆவுடைத்தாய் அக்கா, தன் தம்ளரை என் பக்கத்திலிருந்து நகர்த்திக்கொண்டே சொன்னாள்:

"ஏட்டி இஷ்ரத், ஒனக்கு என்னன்னு ஆழ்வார்குறிச்சி வரைக்கும் தெரியும். சாவி வச்சிருக்க மனுசனுக்குத்தான் தெரியல. போய்ச் சொல்லேன்!"

நான் வீட்டுக்காரரிடம்கூடச் சத்தமாகப் பேசினவள் இல்லை. பிள்ளையைப் பார்த்தேன். சுவரைப் பிடித்துப் பைய நடந்துபோய், "எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கு சார்! எம்பிள்ளைக்கு ஊசி போடுங்க!" என்று கத்திவிட்டேன்.

பிரிட்ஜ் திறந்தது. தடுப்பூசியும் கூடவே போட வேண்டிய இன்னொரு ஊசியும் போட்டார்கள். மகள் அழுதாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"ரகசியத்த வெளியிட்டதுக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் குடும்மா" என்றார் தாணுமாலையன் சார். எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் பெரிய டாக்டர் வந்தார். பார்வை நேரம். வார்டு முழுக்கச் சொந்தக்காரர்கள்.

"இந்தக் கிருமி தட்டு, தம்ளர் வழியா ஒட்டாது. ரத்தத்துல பரவும், தாய்கிட்டருந்து பிள்ளைக்கு வரும், புருசன் பொண்டாட்டிக்குள்ள வரும். கீழயே பரிசோதனை பண்ணுதாங்க. எல்லாரும் பாத்துக்கிடுங்க. கிருமி இல்லாதவங்க ஊசி போட்டுக்கிடலாம்" என்றார்.

ஒரு நிமிஷத்தில் வார்டு காலி. தாணுமாலையன் சாரையும் காணோம். வாசலில் முதல் ஆளாகச் செருப்பு தேடிக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர் முஆத்.

"எங்க போறீய? பரிசோதனைக்கா?" என்றேன்.

பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்:

"எனக்கு என்ன இருக்குன்னு எனக்கே தெரியக்கூடாதுளா."