ஒரு சொட்டும் ஒழுகாத கார்

தன்னைவிட இரண்டு வயது மூத்த காரைக் கட்டிக்கொண்டு மாரடித்ததால் தெருவில் அவருக்குக் கார்க்காரர் என்றே பெயர். அந்தக் கார் ஓடியதைப் பார்த்தவர்கள் குறைவு. ஒழுகியதைப் பார்க்காதவர் கிடையாது. இன்ஜினிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும். அடியில் வைத்த அலுமினியத் தட்டு வழிந்து ஷெட் தரை முழுக்கக் கறுப்பாகிவிட்டது.

அந்த ஷெட்டின் மேல்தான் மனைவிக்குக் கண். அவள் துணி தைப்பவள். படுக்கையறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே மிஷினைப் போட்டிருந்தாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் கட்டிலில் உட்காருவார்கள். அவர்கள் போகும்வரை கார்க்காரர் சமையலறையில் நிற்க வேண்டும். காரை வெளியே விட்டுவிட்டு ஷெட்டைக் கொடுங்கள் என்று அவள் கேட்காத வாரமில்லை. அவரிடமும் ஒரே பதில்தான்.

"தரமாட்டேன்னா சொல்றேன்? ஒழுகுற வண்டியை எப்படித் தெருவுல விடறது? போன தடவை எதிர்வீட்டுக்காரர் வழுக்கி விழுந்து ஊரையே கூட்டிட்டார். ஒழுகாம இருந்தா நான் ஏன் ஷெட்டைப் பிடிச்சுக்கிட்டு இருக்கப்போறேன்?"

அசைக்க முடியாத பதில். தட்டைக் கழுவும்போதெல்லாம் அதை நினைத்துச் சிரித்துக்கொள்வார்.

சிரிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. ஒழுகல் அதிகமாகி, மெக்கானிக் வந்து குனிந்து பார்த்தார். இப்படியே விட்டால் இன்ஜின் இறுகிவிடும், அப்புறம் பழைய இரும்புக்குத்தான் போடவேண்டும் என்றார். கெட்டுப்போனதோ ஒரு ரப்பர் வளையம்; விலை ஒரு காப்பிக் காசு. ஆனால் அது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே போய் உட்கார்ந்திருந்தது. அதைத் தொட வேண்டுமென்றால் இன்ஜினையே இறக்க வேண்டும்.

"இறக்குறதுதான் இறக்குறோம், கையோட கையா கிளட்சையும் மாத்திடலாம் சார்," என்றார் மெக்கானிக்.

கிளட்சோடு கையோடு கையாக ஹோஸ்கள், ஹோஸ்களோடு ரேடியேட்டர். மொத்தத் தொகையைக் கேட்டதும் கார்க்காரர் டயரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பணத்துக்கு வளையத்தைத் தங்கத்திலேயே வார்த்திருக்கலாம். வங்கியில் இருப்பதைத் துடைத்தெடுத்தாலும் பாதிதான் தேறும்.

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, விற்றுத் தொலையுங்கள் என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இதைப் பண்ணிட்டா சுத்தமா நின்னுடுமா?"

"ஒரு சொட்டு வராதுன்னு அடிச்சுச் சொல்றார்."

"அப்ப மீதிப் பாதியை நான் தரேன். தையல் காசு இருக்கு."

கார்க்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் இவளைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி குத்திவிடும், விடுங்கள் என்றாள் அவள். வண்டி வருவதற்குள் ஷெட்டைக் கழுவி வைக்கட்டுமா என்றும் கேட்டாள். அவருக்கு மறுபடியும் கண் கலங்கியது.

கார் பட்டறையில் கிடந்த நாளெல்லாம், வேலை முடிந்ததும் நேரே அங்கே போய்த் தவம் கிடந்தார். இன்ஜின் ஏறிய பிறகு அடியில் வெள்ளைத்தாளை விரித்துவைத்துப் பார்த்தார். மறுநாளும் தாள் வெள்ளையாகவே இருந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, காலிப் பையோடு ஹாரன் அடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

ஷெட் திறந்திருந்தது. உள்ளே மிஷின், துணி வெட்டும் மேசை, ஆளுயரக் கண்ணாடி. நாற்காலியில் ஓர் அம்மாள் தன் முறைக்காக உட்கார்ந்திருந்தாள்.

மனைவி அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி வெளியே வந்தாள். "கழுவுறதுதான் கழுவினோம், கையோட கையா வெள்ளையும் அடிச்சேன்," என்றாள்.

வெள்ளையோடு விளக்கு வந்ததாம், விளக்கோடு மேசை வந்ததாம்.

"அப்ப என் வண்டி?" என்றார் கார்க்காரர். "மழையிலயும் வெயில்லயும் நின்னா பெயின்ட் என்னத்துக்கு ஆகும்?"

அவள் குனிந்து காருக்கடியில் கையை விட்டு, இன்ஜினின் அடிப்பக்கத்தை விரலால் தடவினாள். விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

"தெருவுலயே நிக்கட்டுங்க. ஒழுகாம இருக்கணும்னுதானே நான் பாதிப் பணம் கொடுத்தேன்?"