குலுக்கல் எம்.ஏ.வும் திறக்காத கதவும்

ரங்கூனுக்குக் கப்பலேறிய தமிழர்களில் பிழைக்க வராத ஒரே மனிதர் குலுக்கல் எம்.ஏ.தான். மற்றவர்கள் மூட்டை தூக்க வந்தார்கள், ரிக்‌ஷா இழுக்க வந்தார்கள், வட்டிக்கடை வைக்க வந்தார்கள். நான் கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக வந்தேன். இந்த மனிதர் மட்டும் எங்களையெல்லாம் கேள்வி கேட்பதற்காகக் கடல் தாண்டி வந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்த கதை இது. மொகல் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், காதர் பாயின் கைலிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் மெஸ். ஒரு மழைநாளில், தலையைவிடப் பெரிய தொப்பியும் ஒரு டிரங்குப் பெட்டியும் அளவு நாடாவுமாக அவர் வந்து சேர்ந்தார். வந்தவர் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேராக என் கட்டிலை அளந்தார். திரும்பவும் அளந்தார். மூன்றாவது தடவையும் அளந்துவிட்டு, மூன்று அளவும் வேறு வேறாக வந்ததில் ஆனந்தமாகச் சிரித்தார்.

"கட்டிலை அளக்கத் தெரியாதா சார் உங்களுக்கு?" என்றேன்.

"தப்பா அளக்குறேன்னு தெரியும் சார். எவ்வளவு தப்பா அளக்குறேன்னுதான் தெரிஞ்சாகணும்!"

காலேஜில் எம்.ஏ. படிக்க வந்திருந்தார். துறைமுகத்திலும் அரிசி மில்களிலும் உழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன என்று ஆராய்ந்து எழுத வேண்டும், எழுதினால் பட்டம். பட்டத்தோடு போனால் சென்னைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை தயாராகக் காத்திருந்தது. அவருடைய வெள்ளைக்காரப் பேராசிரியர் சீமையிலிருந்து ஒரு புதுப் பாடம் கொண்டு வந்திருந்தார். ஊரில் எல்லாரையும் கேட்க முடியாது, சிலரைத்தான் கேட்க முடியும். ஆனால் அந்தச் சிலரை நீ பொறுக்கக் கூடாது, சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். சீட்டு விழுந்த வீட்டை எக்காரணத்தைக் கொண்டும் மாற்றவும் கூடாது.

நம்மவர் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். கூலி லைன்களில் இருந்த அறை நம்பர்களையெல்லாம் துண்டுச் சீட்டுகளில் எழுதி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஸ் கூடத்தில் உட்கார்ந்து குலுக்கினார். எங்கள் சமையற்காரர் கோபாலுதான் கண்ணை மூடி, முருகா என்று சொல்லிச் சீட்டெடுப்பார். அன்றிலிருந்து அப்பா அம்மா வைத்த பெயர் போய், சந்து முழுவதற்கும் அவர் குலுக்கல் எம்.ஏ. ஆனார்.

கேள்விகளை வெளியில் கேட்கும் முன் மெஸ்ஸில் ஒத்திகை பார்ப்பது என்று முடிவு செய்தார். முதல் பலி கோபாலு.

"கோபாலு, உங்க வேலையில உங்களுக்குத் திருப்தியா?"

கோபாலு கரண்டியைக் கீழே வைத்தார். அவரை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. அரை மணியில் படுக்கையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"வேற ஆளு பாத்துட்டீங்கன்னா நேராச் சொல்லிடுங்க சாமி. சுத்தி வளைச்சு எதுக்குக் கேக்குறீங்க?"

நாங்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் அவர் கோபம் மறுநாள்தான் தணிந்தது. அதுவரை மெஸ் முழுக்கப் பட்டினி. எம்.ஏ. மட்டும் பசித்த முகத்தில் அப்படி ஒரு ஒளியோடு உலாத்தினார். "கேள்வி கேக்குற விதமே பதிலை உண்டாக்கிடுது, பாத்தீங்களா சார்? எப்பேர்ப்பட்ட விஷயம்!"

"எப்பேர்ப்பட்ட பசி" என்றேன் நான்.

காதர் பாயின் வருத்தம் வேறு. தன்னையும் ஆராய்ச்சியில் சேர்க்க வேண்டும் என்று அவருக்கு ஒரே ஆசை. "தம்பி, நான் இந்த ஊருக்கு வந்த கதையைச் சொன்னா உங்களுக்கு ரெண்டு எம்.ஏ. கொடுப்பாங்க. எழுதிக்குங்க" என்பார்.

"உங்க மேல சீட்டு விழலியே பாய்."

"அப்போ நான் லாயக்கு இல்லேங்கிறீங்க?"

மறு வெள்ளிக்கிழமை பாய் வீட்டிலிருந்து ஒரு தேக்சா பிரியாணி வந்தது. எம்.ஏ. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கீழே போய் பாயின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். சொல்லிவிட்டு, "ஆனாலும் சீட்டு விழலியே பாய்" என்றார்.

சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்ததும், "இன்னிக்கு நாள் எப்படிப் போச்சு?" என்று கேட்டு, பதில் முழுவதும் முடியும் வரை கண்ணை எடுக்காமல் கேட்டிருப்பார் எம்.ஏ. ஞாயிறுதோறும் நானும் துணைக்குப் போவேன். வீடு வீடாக ஏறி இறங்கி, மழைக்காலம் முடிவதற்குள் ஏறக்குறைய எல்லா வீட்டையும் முடித்துவிட்டார். ஒரே ஒரு கதவு பாக்கி. ஆற்றோரத்து மில் லைனில், மாடிப்படி முடிகிற இடத்தில் இருந்த அறை. உள்ளே இருந்தவள் அஞ்சலை, மில்லில் நெல் தூற்றுகிறவள்.

முதல் தடவை கதவைத் தட்டியபோது, "யாரும் இல்லே!" என்று உள்ளிருந்து பதில் வந்தது. எம்.ஏ. பணிவாக, "யாரும் இல்லேன்னு சொல்றது யாருங்க?" என்று கேட்டார். கதவு ஒரு சாண் திறந்தது. அரிசி கழுவிய தண்ணீர் அவர் தொப்பியில் விழுந்தது. கதவு மூடிக்கொண்டது.

அடுத்த வாரம், "காகிதத்தைத் தூக்கிட்டு இன்னொரு தரம் வந்தே, அருவாமணைதான் பேசும்" என்றாள். அதற்கடுத்த வாரம் அவள் பேசவே இல்லை. அருவாமணையை வாசலில் வைத்திருந்தாள்.

பக்கத்து அறை முத்தம்மாவோ தங்கமான மனுஷி. எங்களைக் கண்டாலே பாயை விரித்து, காப்பி போட்டு வைப்பாள். "அவகிட்ட என்னத்தக் கேக்கப் போறீங்க? கடன்ல மூழ்கிக் கெடக்கா. அழுகையும் கண்ணீருமா ஒரு வாழ்க்கை. எங்கிட்ட கேளுங்க, அவளுக்கும் சேத்து நானே சொல்றேன்."

எனக்குக் கால் வலி. "சார், ஒரு வீடுதானே? இந்தம்மாவை எழுதிக்கிட்டுப் போயிடலாம். யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

எம்.ஏ. என்னைப் பார்த்த பார்வையில், நான் கோயில் உண்டியலை உடைக்கச் சொன்ன மாதிரி இருந்தது.

"இவங்க சிரிக்கிறாங்க சார். சிரிக்கிறவங்களையே தேடிப் போய்க் கேட்டா, ஊரே சிரிக்குதுன்னு எழுதிடுவேன். கதவைச் சாத்திக்கிறவங்களும் இந்த ஊர்லதானே இருக்காங்க?"

பேராசிரியர் லீவில் சீமைக்குப் புறப்பட இன்னும் சில வாரங்களே இருந்தன. அதற்குள் கட்டுரை போயாக வேண்டும். சென்னை வேலை அதைத்தான் நம்பி இருந்தது. கடைசியாக ஒரு ஞாயிறு, மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. அஞ்சலையின் படிக்கட்டில் நாங்கள் இருவரும் நனைந்த கோழிகளாக உட்கார்ந்திருந்தோம். காகிதங்களைத் தொப்பிக்குள் வைத்து, தொப்பியை வயிற்றோடு அணைத்திருந்தார் எம்.ஏ.

அப்போது கையில் மீன் தொங்க, ஒரு பர்மாக்காரர் படியேறி வந்தார். எங்களைக் கண்டு நின்று, புன்னகையோடு, "தமின் சா பீபீலா?" என்றார்.

பர்மாவில் காலம் தள்ளிய யாருக்கும் இது தெரியும். "சோறு தின்னாச்சா?" என்று அர்த்தம், ஆனால் அது கேள்வியே அல்ல, நம் ஊர் சௌக்கியமா மாதிரி. தின்றாலும் தின்னாவிட்டாலும் "ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் கேள்வி என்று ஒன்று வந்தால் எம்.ஏ.வுக்குப் பொய் வராது. தெரிந்த அரைகுறை பர்மியச் சொற்களையெல்லாம் கூட்டிச் சேர்த்து, "இல்லை. காலையில் சாப்பிடவில்லை. நேற்று ராத்திரியும் சரியாகச் சாப்பிடவில்லை" என்று விவரமாகப் பதில் சொன்னார்.

அந்த மனிதர் வாயைப் பிளந்தார். பிறகு படிக்கட்டே அதிரச் சிரித்தார். எம்.ஏ.வின் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, எந்தக் கதவின் முன் நாங்கள் வாரக்கணக்காகத் தவம் கிடந்தோமோ அந்தக் கதவை ஒரே உதையில் திறந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

அவர் பெயர் கோ தின். இன்சீன் ரயில்வே பட்டறையில் முறை மாறி வரும் வேலை, அதனால்தான் அதுவரை எங்கள் கண்ணில் படவில்லை. அஞ்சலையின் புருஷன்.

அஞ்சலை எழுந்து நின்றாள். முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. "யாரு அனுப்பினா உங்களை? எங்க ஊர்க்காரங்களா?" என்றாள்.

அப்போதுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. பர்மாக்காரரைக் கட்டிக்கொண்டாள் என்று அவளுடைய ஊர்க்காரர்கள் கூட்டம் போட்டுப் பேசி, அவரை விட்டுவிட்டுக் கப்பலேறு என்று ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் காகிதமும் கையுமாகத்தான் வந்தார்கள். பிரிந்து போகச் சம்மதம் என்று கைநாட்டு வாங்குவதற்கு.

"யாரும் அனுப்பலீங்க. சீட்டுக் குலுக்கினேன், உங்க ரூம் வந்தது" என்றார் எம்.ஏ.

"சீட்டா?"

"சத்தியமா. எங்க சமையக்காரர்தான் எடுத்தாரு."

இதை அவள் பர்மியத்தில் புருஷனுக்குச் சொன்னாள். அவருக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ எங்களுக்கு லாட்டரி விழுந்திருக்கு" என்று கொச்சைத் தமிழில் சொன்னார். அஞ்சலையும் சிரித்துவிட்டாள். அழுகையும் கண்ணீருமான வாழ்க்கை என்று முத்தம்மா சொன்ன வீட்டில், புருஷன் மீன் கழுவ, பெண்சாதி புளி கரைக்க, இரண்டு பேரும் ஓயாமல் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள். குழம்பில் கொஞ்சம் ஙாப்பியும் போட்டார்கள். மீனை நொதிக்க வைத்து இடித்த சாந்து அது. வாசனை தெருமுனை வரை போகும். எம்.ஏ. மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு பென்சிலை எடுத்தார்.

"புருஷனுக்குப் பூர்வீக ஜில்லா?"

"கியாக்தான்" என்றார் கோ தின். ஆற்றுக்கு அக்கரையில் சிரியத்தைத் தாண்டி இருக்கிற ஊர்.

எம்.ஏ.வின் படிவத்தில் தஞ்சாவூர் இருந்தது, ராமநாதபுரம் இருந்தது, திருச்சி இருந்தது. கியாக்தானுக்கு இடம் இல்லை. பென்சில் அந்தரத்தில் நின்றது. தலையைச் சொறிந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

"சொந்த ஊருக்கு எப்போ திரும்புறதா உத்தேசம்?"

"வர்ற சனிக்கிழமை" என்றாள் அஞ்சலை, யோசிக்காமல். "அவங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லே. படகுல போயிட்டு ஞாயித்துக்கிழமை வந்துருவோம்."

நான் குபீரென்று சிரித்தேன். எம்.ஏ. சிரிக்கவில்லை. அந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொண்டு, காகிதங்களைத் தொப்பிக்குள் வைத்து மழையில் நடந்தார். மெஸ் மாடியேறும்போது சொன்னார். "எல்லாருக்கும் ஊர் கடலுக்கு அந்தக் கரையிலதான் இருக்குன்னு நானே முடிவு பண்ணிட்டு, அதை ஒரு கேள்வியா அச்சடிச்சுக்கிட்டு அலைஞ்சிருக்கேன் சார்."

கட்டுரை போயிற்று. வாய்மொழித் தேர்வு வந்தது. நான் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வராந்தா பெஞ்சில் காத்திருந்தேன். உள்ளே என்ன நடந்தது என்று அவரே பின்னால் சொன்னார். கப்பலில் வந்திருந்த வெளியூர்ப் பரீட்சகருக்கு எல்லாம் பிடித்திருந்தது, அஞ்சலை வீடு ஒன்றைத் தவிர. அது எந்த அட்டவணையிலும் அடங்கவில்லை, விதிவிலக்கு, அதை அடித்துவிட்டால் இன்றைக்கே பட்டம் என்றாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எல்லா வீட்டையும் ஒரே குலுக்கல்தான் கூப்பிட்டுது. அதை அடிக்கிறதா இருந்தா எல்லாத்தையும் அடிங்கன்னேன்."

"அட பாவி மனுஷா! உங்க பேராசிரியர் ஒண்ணும் சொல்லலியா?"

"அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மீன் எப்படி இருந்துதுன்னு."

முடிவாக, ஒரு அத்தியாயத்தைத் திருத்தி மறு வருஷம் கொண்டு வா என்று சொல்லிவிட்டார்கள். சென்னை வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று. அன்று கோபாலு, யாரும் சொல்லாமலே பாயசம் வைத்தார். எம்.ஏ. அதைக் குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதுப் படிவம் எழுத உட்கார்ந்தார்.

மறுபடியும் எல்லா வீடும் ஏறி இறங்கினோம். ஜில்லாக் கட்டங்கள் போய்விட்டன. "உங்க ஊர் எது?" என்ற கேள்வியும் அதன் கீழே வெற்று இடமும்தான். பலர் பழைய ஊரைச் சொன்னார்கள். சிலர் சொல்ல வாயெடுத்து, ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்து, தொட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்து, "இதுதாங்க" என்றார்கள். சீட்டு விழாத முத்தம்மாவும், பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, தானாகவே அப்படிச் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தாள். அன்று காப்பி போட மறந்துவிட்டாள்.

இந்தத் தடவை கடைக்காரர்களுக்கும் தனியாகக் குலுக்கினார். காதர் பாயின் சீட்டு விழுந்தது! மாடியிலிருந்து கத்திக்கொண்டே ஓடினோம். பாய் புதுச் சட்டை போட்டு, அத்தர் பூசி உட்கார்ந்தார். எம்.ஏ. முதல் கேள்வியைக் கேட்டார். பாய் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, குடும்ப விஷயமெல்லாம் எதுக்கு வெளியில சொல்லிக்கிட்டு?"

அவரைப் பேச வைப்பதற்குள் அடுத்த மழைக்காலமே வந்துவிட்டது.

பட்டம் கிடைத்தது. வேறு பரீட்சகர் வந்திருந்தார். அஞ்சலை வீட்டைப் பற்றிய அத்தியாயத்தைத்தான் அதிகம் விசாரித்தாராம். மாந்தளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. காலேஜ் இல்லை, பள்ளிக்கூடம்தான். ஆனால் எம்.ஏ. மந்திரி பதவி கிடைத்த மாதிரி புறப்பட்டார். ஸ்டேஷனுக்கு மெஸ்ஸே வந்தது. அஞ்சலையும் கோ தின்னும், மாந்தளை என்ன, சீனா வரைக்கும் தாங்குகிற அளவுக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் ஊர்க்காரர்கள் இப்போது காகிதம் நீட்டுவதில்லையாம். அவர்களில் இரண்டு பேர் கோ தின்னிடம் இன்சீனில் வேலைக்குச் சிபாரிசு கேட்டு வந்துபோகிறார்களாம். சொல்லும்போது அஞ்சலை முகத்தில் அத்தனை பெருமை.

எம்.ஏ.வின் கட்டிலுக்கு அந்த வாரமே வேறு ஆள் வந்துவிட்டார். நல்ல மனிதர், குறட்டைகூட விடமாட்டார். நான் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது, "இன்னிக்கு நாள் எப்படிப் போச்சு?" என்று அவரும் கேட்பார். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் பத்திரிகையைப் பிரித்துவிடுவார். நான் அப்புறமும் கொஞ்ச நாள், அந்தக் கட்டிலைப் பார்த்து முழுப் பதிலையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.