கரண்ட் குடிக்காத கார்

மின்சார பில்லை மூன்றாவது முறையாகப் படித்தார் கண்ணாடிக்காரர். ஊரார் மூக்குக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற கடை வைத்திருப்பவர், தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். தொகை மாறவில்லை. போன பில்லைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

"என்னங்க, பில்லுல என்ன கதையா எழுதியிருக்கு? இவ்வளவு நேரமா படிக்கறீங்க!" என்றாள் மனைவி.

"பில் குறைஞ்சிருக்கு."

"குறைஞ்சா சந்தோஷப்படணும். ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"புதுசா ஒரு காரையே வாங்கிக் கட்டியிருக்கோம். தினமும் சொருகித் தீனி போடறோம். எப்படிக் குறையும்?"

"அதுக்குப் பசி கம்மியோ என்னவோ" என்று சொல்லிவிட்டு அவள் துணி உலர்த்தப் போய்விட்டாள்.

அந்த வண்டியைக் கார் என்று சொன்னால் மற்ற கார்கள் கோபித்துக்கொள்ளும். நாலு பேர் உட்கார்ந்தால் ஒரு குடை வைக்க இடமிருக்காது. மகள் அதற்கு 'முட்டை' என்று பெயர் வைத்திருந்தாள். ஆனால் அந்த முட்டை வந்த நாளிலிருந்து கடைக்கும் பள்ளிக்கும் மார்க்கெட்டுக்கும் ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடிற்று. பழைய வண்டி குடித்துத் தீர்த்த பெட்ரோலை நினைத்தார் கண்ணாடிக்காரர். உடம்பு சிலிர்த்தது. வாசலுக்குப் போய், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, முட்டைக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டார்.

அன்றைக்குக் கடைக்கு வந்தவர்கள் யாரும் முட்டையின் பெருமையைக் கேட்காமல் தப்பவில்லை. "கரண்டே குடிக்காத கார் சார்! என்ன விஞ்ஞானம், என்ன விஞ்ஞானம்!" என்று ஒவ்வொருவரிடமும் மாய்ந்துபோனார். கண் பரிசோதிக்கிற பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"சார், கார் என்ன காத்துலயா ஓடும்? உங்க மீட்டர்ல ஏறலைன்னா வேற யார் மீட்டர்லயோ ஏறுது. வீட்டுக்குப் போய்ப் பாருங்க."

கண்ணாடிக்காரர் துள்ளி எழுந்தார். கடையை அவள் பொறுப்பில் விட்டுவிட்டு ஓடினார்.

கார் நிற்கும் இடத்துச் சுவரில் இரண்டு மீட்டர்கள் இருந்தன. ஒன்று கீழே குடியிருந்த அவருக்கு, இன்னொன்று மாடியிலிருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு. தன் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தார். உள்ளே ஃபேன் நின்று மனைவி கத்தினாள். முட்டையின் சார்ஜரில் மட்டும் பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். அவருடைய மீட்டர் அசையாமல் கிடந்தது. மாடி மீட்டரின் சிவப்புப் பொட்டுதான் தலைதெறிக்கச் சிமிட்டிக்கொண்டிருந்தது. சார்ஜரைப் பிடுங்கினார். சிமிட்டல் அடங்கிவிட்டது.

வீட்டுக்கார அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை மேட்ரன் என்றுதான் சொல்லும். கண்ணாடிக்காரருக்கு முன்னால் கீழே குடியிருந்தவர் பகலில் வாசல் விளக்கை அணைக்க மறந்தார். இரண்டாம் முறை மறந்தபோது, "என் கரண்டைத் திருடறவங்களுக்கு இங்க இடமில்லை" என்று சாமானோடு வெளியே அனுப்பினார் மேட்ரன். ஒரு பல்புக்கே அப்படியென்றால் ஒரு காருக்கு என்ன நடக்கும்? கடை பக்கம், மகளின் பள்ளி பக்கம், வாடகையும் கையைக் கடிக்காது. இந்த வீடு போனால் இன்னொன்று கிடைப்பது குதிரைக்கொம்பு என்று அவருக்குத் தெரியும்.

முட்டைக்குப் பிளக் வைக்க எலக்ட்ரீஷியன் வந்தபோது மேட்ரனே கீழே இறங்கி வந்தார். அவன் மீட்டர் பெட்டியை மூடுகிறவரை பக்கத்தைவிட்டு நகரவில்லை. இந்த வயதில் எவ்வளவு அக்கறை என்று கண்ணாடிக்காரர் அசந்துபோயிருந்தார். அத்தனை காவலையும் மீறித்தான் அந்த எலக்ட்ரீஷியன் கைக்குக் கிடைத்த ஒயரிலிருந்து இழுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"மேல போய் உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

போனார். கதவு பாதி திறந்தது. மேட்ரன் ஒரு கையால் கதவை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன தம்பி? மீட்டர் பெட்டிகிட்டயே நின்னுட்டிருந்தீங்களே, என்ன விஷயம்?"

மாடியிலிருந்து பார்த்திருக்கிறார்! கண்ணாடிக்காரர் சுவரைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா. ஒரு பல்லி. அது... வந்து... உங்களுக்கு எங்கயாவது போகணும்னா முட்டையில கொண்டு விடறேன்னு சொல்லத்தான் வந்தேன்."

"முட்டையிலயா?"

"காருல, காருல."

மேட்ரன் பெருமூச்சு விட்டார். முகத்தில் ஒரு சிரிப்புகூட வந்தது. தெருவில் யாரும் அதுவரை பார்த்திராத சிரிப்பு. "லைப்ரரிக்குப் போகணும்" என்றார்.

கடனைச் சேவை செய்து தீர்த்துவிடலாம் என்று கண்ணாடிக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். லைப்ரரி, பேங்க், தையல்காரர், பழைய நர்சுகளின் வீடுகள் என்று முட்டை ஓடியது. முன்னால் மேட்ரன். பின்னால் அவருடைய தங்கை. தெரு அவரைச் சின்ன மேட்ரன் என்று சொல்லும், ஆஸ்பத்திரியில் ஒரு நாளும் வேலை பார்க்காவிட்டாலும். அக்காவுடனேயே இருந்த அவர் பேசி யாரும் கேட்டதில்லை. வண்டி எங்கே போனாலும் கையில் பையை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார்.

சுற்றச் சுற்ற முட்டைக்குப் பசி எடுத்தது. பசிக்கு மேட்ரனின் கரண்ட்தான் போனது. மேட்ரனின் கடனை அடைக்க மேட்ரனையே சுற்றிக்காட்டி, அதற்கும் மேட்ரனிடமே கடன் வாங்குகிறோம் என்று விளங்கியபோது கண்ணாடிக்காரர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.

மறுநாள் தன் வீட்டுச் சமையலறையிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு நீள ஒயரை இழுத்து முட்டைக்குக் கொடுத்தார். மனைவி அதே சுவிட்ச் பலகையில் கரண்ட் அடுப்பையும் மிக்சியையும் போட்டாள். பட்டென்று ஒரு சத்தம். கீழ்வீடு முழுக்க இருட்டு, புகை, கருகின நாற்றம். மிக்சி மூடி பறந்து போனது, உள்ளே இருந்தது கூரையில் ஒட்டிக்கொண்டது.

"எனக்கு மிக்சி வேணும், இல்ல உங்களுக்கு முட்டை வேணும். ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க!" என்றாள் மனைவி.

அதற்குள் மேட்ரன் இறங்கி வந்துவிட்டார். ஒயரைப் பார்த்தார், சுவரிலிருந்த பிளக்கைப் பார்த்தார், கண்ணாடிக்காரரை நேராகப் பார்க்கவில்லை.

"எதுக்கு தம்பி இந்தக் கஷ்டம்? அந்தப் பிளக்குலயே தாராளமா போட்டுக்குங்க. எவ்வளவு வேணும்னாலும். எப்ப வேணும்னாலும்."

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து அவர் கையைப் பார்த்தார். ஒரு பல்புக்காக ஒரு குடும்பத்தையே வெளியேற்றிய கையா இது? மனிதர்களை நாம் எவ்வளவு தப்பாக எடைபோடுகிறோம் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. முட்டையைப் பார்த்து வந்த வியப்பெல்லாம் மேட்ரன் பக்கம் சாய்ந்துவிட்டது. இப்படிப்பட்ட ஒரு மகராசியிடமா திருடுகிறோம்!

இனி வெளியில்தான் சார்ஜ் போடுவது என்று முடிவெடுத்தார். அடுத்த முறை மேட்ரனையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு போனபோது, மெயின் ரோட்டு சார்ஜிங் ஸ்டேஷனில் முட்டையை நிறுத்தினார். இயந்திரம் உறுமியது. திரையில் எண்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அவருக்கு மூச்சே நின்றுபோனது. வீட்டில் சாதுவாக இருந்த கரண்ட் இங்கே பெட்ரோலுக்கு அண்ணனாக இருந்தது. ஒரு முட்டைக்கு இவ்வளவா!

"வீட்டுல பிளக் இருக்கும்போது ஏன் இங்க?" என்றார் மேட்ரன்.

"சும்மா... ஒரு அனுபவத்துக்கும்மா."

மேட்ரன் பையைத் திறந்து முழுப் பணத்தையும் தானே கட்டிவிட்டார். கண்ணாடிக்காரர் கெஞ்சினார், கையைப் பிடித்துத் தடுத்தார். "இது நான் செய்ய வேண்டியது. விடுங்க" என்று அவர் வாயை அடைத்துவிட்டார் மேட்ரன். கொடுக்கப் போன இடத்தில் இன்னும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார் கண்ணாடிக்காரர். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேட்ரன் கதவைத் தட்டினார். கையில் ஒரு காகிதம் இருந்தது. மாடி பில். தொகையைப் பார்க்கக் கண்ணாடிக்காரருக்குத் தைரியமில்லை. முடிந்தது கதை என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இந்தப் பில் கிடக்கட்டும். ரொம்ப நாளா யோசிச்சேன். இந்த மாசத்துலேருந்து உங்க வாடகையில பாதி குடுத்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு மேட்ரன் விடுவிடுவென்று மாடிக்கு ஏறிப் போய்விட்டார்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாதி வாடகை!" என்றாள் மனைவி. "என்னங்க, இவங்க மனுஷியே இல்ல. நாம ஏமாத்தினா விளங்கவே மாட்டோம். வீடு போனாப் போகுது, வாங்க."

இரண்டு பேரும் மாடிக்குப் போனார்கள். மேட்ரன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தங்கை ஜன்னலோரம் தலைமுடியை உலர்த்திக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினார்.

"முட்டை இத்தனை நாளும் உங்க கரண்டைத்தாம்மா குடிச்சுது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லலை. வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவீங்கன்னு பயம். பல்லின்னு சொன்னது பொய். எங்க பில் குறைஞ்சதைப் பார்த்து நான் அந்தக் காரைக் கும்பிட்டேம்மா. கும்பிட வேண்டியது உங்களை. ஒரு பைசா விடாமக் கட்டிடறேன். போகச் சொன்னா இப்பவே போயிடறோம்."

மனைவி மூக்கை உறிஞ்சினாள். மேட்ரனின் முகம் வெளிறிச் சிவந்து மறுபடி வெளிறியது. வாயைத் திறந்தார், மூடினார், தங்கையைப் பார்த்தார்.

சின்ன மேட்ரன் துண்டை மடியில் வைத்துவிட்டு, அத்தனை பேரும் திடுக்கிடும்படி கணீரென்று பேசினார்:

"அக்கா, அவரே சொல்லிட்டார், இனிமேலாவது நீயும் சொல்லித் தொலை! நம்ம பாத்ரூம் ஹீட்டர் இத்தனை வருஷமா அவங்க மீட்டர்லதான் ஓடிச்சு, அந்த எலக்ட்ரீஷியன் வந்து பெட்டியைத் திறந்த நாள்லேருந்து நாம பயந்துக்கிட்டுப் பச்சைத் தண்ணியில குளிக்கறோம்னு!"