இன்சீன் முற்றத்தில் இலையுதிர் காலம்

ஜப்பான் தேசம் நாகானோவில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் அருமை மகள் தமிழ்மணிக்கு, பர்மா தேசம் இன்சீனிலிருந்து அப்பா செல்லையா ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் மின்சாரம் நீங்கலாக அனைவரும் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்கு நம் காளியம்மன் பொறுப்பு. இங்கே கரண்ட் வந்தால் நெட் வருவதில்லை, நெட் வந்தால் போனில் சார்ஜ் இருப்பதில்லை. ஆகவே, கடைக்காரர் காஜா மைதீன் பாயின் மகள் மிஸ்பா திங்கட்கிழமை ஒசாக்கா போகிறாள் என்று கேள்விப்பட்டதும் காகிதத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். அங்கே இறங்கியதும் அவள் இதைத் தபாலில் சேர்ப்பாள்.

நிற்க. நவம்பரில் மலை முழுக்கச் சிவந்து கிடக்கும் மரங்களைப் படம் பிடித்து அனுப்பி, "நம்ம ஊர்ல வெயிலு, மழை, திரும்ப வெயிலு, அவ்வளவுதானப்பா" என்று எழுதியிருந்தாய். எனக்குச் சுருக்கென்றது. நம் முற்றத்து வாதுமை மரம் தை மாசியில் போடுகிற ஆட்டம் உனக்கு மறந்தா போயிற்று? அதைச் சொன்னதற்கு, "அப்போ ஒரு போட்டோ அனுப்புங்க. பிப்ரவரி லீவுக்கு வீட்டுக்கு வர்றதா, கூட்டாளிங்களோட பனி பாக்கப் போறதான்னு முடிவு பண்றேன்" என்றாய். நீ விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பாய். மூன்று வருஷமாக உன் முகத்தைக் கையகலக் கண்ணாடியில் மட்டும் பார்க்கிறவனுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அன்றிலிருந்து அந்த மரத்தைத்தான் மலைபோல் நம்பியிருந்தேன்.

மரம் என்னைக் கைவிடவில்லையம்மா. பொங்கல் கழிந்ததும் ஒரு கிளை மஞ்சள், ஒரு கிளை செம்பு, உச்சியில் அப்படியே குங்குமம். கைவிட்டது உன் அம்மாதான். பவுனம்மாள் பல் துலக்குமுன் விளக்குமாற்றை எடுக்கிறவள், உனக்குத் தெரியாததா? "முத்தம் நிறைய இலை விழட்டும், படம் எடுத்தப்புறம் பெருக்கலாம்" என்றேன். "குப்பையப் போட்டோ புடிக்கிற புத்தி ரிட்டயரானாத்தான் வருமோ? எலை கெடக்குற வாசல்ல லெச்சுமி காலு வைப்பாளா?" என்றாள். விளக்குமாற்றைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒளித்து வைத்தேன். அவள் குனிந்து கையாலேயே பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். வேறு வழியில்லாமல், "தமிழ்மணி வர்றதும் வராததும் இந்த எலையிலதான் இருக்கு" என்று உண்மையைப் போட்டு உடைத்தேன். குனிந்தவள் நிமிர்ந்தாள். கையில் இருந்ததையெல்லாம் திரும்பக் கீழே போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சரி, வீட்டுச் சண்டை முடிந்தது என்று நினைத்தேன், தெருச் சண்டை ஆரம்பித்தது. பெருக்காத முற்றத்தைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு டோ கின் மியா, நாங்கள் இரண்டு பேரும் படுத்த படுக்கையாகிவிட்டோம் என்று முடிவு கட்டி ஒரு தூக்கு அரிசிக் கஞ்சியோடு வந்துவிட்டார். நான் வாதுமை மரத்தைக் காட்டி, அழகுக்காக விட்டிருக்கிறேன் என்று பர்மாக்காரர்களே மெச்சும் பர்மியத்தில் விளக்கினேன். அந்த அம்மாள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கஞ்சியை முழுக்கக் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காஜா மைதீன் பாய் வந்து, "என்னாண்ணே, வீட்டக் காலி பண்றீங்களாமே, நமக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று குறைப்பட்டுக்கொண்டார். இவருக்கும் விளக்கினேன். இப்படியே போனால் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிடும் போலிருந்தது. ஆனாலும் இலை விழுந்துகொண்டேதான் இருந்தது, பௌர்ணமியன்று காலையில் பார்க்கிறேன், முற்றத்தில் மண்ணே தெரியவில்லை, அப்படியொரு சிவப்பு. போனில் சார்ஜ் இல்லை. பாய் கடையில் ஜெனரேட்டர் ஓடுமே என்று சட்டையைத் திருப்பிப் போட்டதுகூடத் தெரியாமல் ஓடினேன். ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும், திரும்பி வந்து பார்த்தால், பௌர்ணமிதோறும் புத்தர் கோயிலைப் பெருக்கிப் புண்ணியம் சேர்க்கிற கோஷ்டி இருக்கிறதே, அந்தப் பெண்களெல்லாம் நீட்டு விளக்குமாறுகளோடு நம்ம முற்றத்தில். தலைமை டோ கின் மியா. முடியாத கிழவன் வீட்டைச் சுத்தம் பண்ணினால் இரட்டைப் புண்ணியமாம். உன் அம்மா கைகூப்பி ஓரமாக நிற்கிறாள். புண்ணியம் செய்கிறவர்களைத் தடுத்தால் அந்தப் பாவம் ஏழு ஜென்மத்துக்கு விடாதாம். கடைசி இலையைச் சாக்கில் அமுக்கிக் கட்டிவிட்டு, புண்ணியத்தில் எங்களுக்கும் பங்கு என்று டோ கின் மியா அறிவித்தார். அப்படிச் சொன்னால் நாம் பதிலுக்கு மூன்று தடவை "தாது" சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டும், அதுதான் ஊர் முறை. என் இலையுதிர் காலம் சாக்கோடு தெருவில் போகிறது, நான் வாசலில் நின்று "தாது, தாது, தாது" என்கிறேன். கையில் முழுச் சார்ஜோடு போன்.

ஆகையால் படம் இல்லை மகளே. கோழிக்கூட்டின் மேல் சிக்கியிருந்த ஒரே ஒரு இலையை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ பனி பார்க்கப் போவதானால் காதை மூடிக்கொண்டு போ. எங்களைப் பற்றிக் கவலைப்படாதே, கஞ்சி நிறைய இருக்கிறது. நோய் நொடியில்லாமல், நல்ல சம்பளமும் நல்ல தூக்கமுமாய் நீ வாழ அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா செல்லையா

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் கரண்டும் நெட்டும் ஒன்றாக வந்தன, கூடவே உன் செய்தியும். வெள்ளிக்கிழமை வருகிறாயாமே! டிக்கெட்டைப் போன மாதமே எடுத்துவிட்டாயாமே! ஆகவே இதை மிஸ்பாவிடம் கொடுக்கவில்லை, இங்கே வந்தே படித்துக்கொள். மரம் இன்று காலை மறுபடியும் முற்றம் நிறைய உதிர்த்திருந்தது, அன்றைக்கு இருந்ததைவிட அழகு. "இப்பவாச்சும் போட்டோ புடிங்க" என்றாள் அம்மா. பிள்ளை வருகிற வீட்டு வாசல் இப்படியா கிடக்கும்? தொட்டிமேல் ஏறி விளக்குமாற்றை எடுத்து ஒரு இலை பாக்கியில்லாமல் நானே பெருக்கிவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று டோ கின் மியா மூன்று தடவை "தாது" சொன்னார்.