மோர்மிளகாய் அண்ணாச்சி சொன்ன ஒரு நல்ல வார்த்தை

அந்த மேசையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். மோர்மிளகாய் அண்ணாச்சி. அவர் மனைவி; எங்களுக்கு மதினி. அவர்கள் மகள் சுகந்தி. ஜிப், பக்கிள் சப்ளை செய்கிற காதர் பாய். அவர் குடிக்க மாட்டார், எலுமிச்சை சோடா. கட்டிங் மாஸ்டர் மோசஸ். காதர் பாயின் பங்கையும் அவன் குடித்துவிடுவான். டெம்போ ஓட்டுகிற நான்.

இடம், லோயர் பரேலில் பழைய மில்லுக்குள் இருக்கிற ஒரு பப். நேரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

இந்த ஆறு பேர் அங்கே போய் உட்கார்ந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அண்ணாச்சியைச் சொல்ல வேண்டும்.

பம்பாயில் பீர் குடிக்கிறவர்களுக்குக் குறைச்சல் இல்லை. பீரைத் திட்டுவதற்காகவே பீர் குடித்தவர் அவர் ஒருவர்தான். கொலாபாவில் கிளம்பி கல்யாண் வரைக்கும் ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்கித் தேடினாலும் இன்னொருவர் கிடைக்க மாட்டார்.

தாராவியில் அவருக்குப் பை தைக்கிற பட்டறை. ஸ்கூல் பை, லேப்டாப் பை, ஆர்டர் வந்தால் எந்தப் பையும். ஒரு தடவை ஒரு பப்காரர் பீர் பாட்டில் தூக்கிப் போக ஒரு பை கேட்டார். அளவு பார்க்க இரண்டு பாட்டில் கொடுத்தார். கடையில் கிடைக்கிற பீர் இல்லை, அவர்களே செய்கிற பீர். அண்ணாச்சி அளவு பார்த்தார். குடித்தும் பார்த்தார். மறுநாள் பையோடு போய்ச் சொன்னார்.

"சேட், பையில ஒரு குத்தம் இல்ல. உள்ள இருக்கதுதான் சரியில்ல."

ஆர்டர் போயிற்று. ஆனால் அன்றைக்குப் பிடித்தது அவருக்கு அந்தப் பித்து. அதுவரை அவருக்கு வைன் ஷாப்பில் கிடைக்கிற ஒரே பீர்தான் தெரியும். பீரில் கோதுமை உண்டு, காப்பி உண்டு, மாம்பழம் உண்டு, கறுப்பு உண்டு, புளிப்பு உண்டு என்று தெரிந்ததும் மனிதர் ஊர் ஊராகக் கோயில் கும்பிடுகிறவர் மாதிரி பப் பப்பாகப் போக ஆரம்பித்தார். நம்பிக்கை மட்டும் கிடையாது.

ஞாயிறு வந்தால் பட்டறையில் மிஷின்கள் நிற்கும். கட்டிங் மேசையில் பேப்பர் விரியும். வாரம் முழுக்கச் சேர்த்த பாட்டில்கள் வரிசையாக நிற்கும். பெயர் தெரியக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ரெக்ஸினில் சட்டை தைத்து வைத்திருந்தார். முன்பக்கம் ஜிப். கழுத்துப் பட்டை வேறு.

"பேரப் பாத்துக் குடிக்கவன் பேரத்தாம்வே குடிக்கான்" என்பார்.

ஒரு பீருக்கும் அடுத்த பீருக்கும் நடுவில் அவர் சட்டைப் பையிலிருந்து வறுத்த மோர்மிளகாய் ஒன்று வெளியே வரும். அதற்கும் சின்னதாக ஒரு ஜிப் பை. கடித்து மெல்லுவார். கண்ணில் தண்ணீர் வரும். "இப்பம் நாக்கு பச்சப்புள்ள நாக்கு" என்பார். மோர்மிளகாய் கடித்த நாக்குக்கு அப்புறம் பீர் என்ன, பினாயில் கொடுத்தாலும் தெரியாது. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொன்னதில்லை.

குடித்ததும் தீர்ப்பு சொல்வார்.

"இது ஆண்டாப் ஹில் பஸ்ஸு. வருது வருதுங்கான், வரமாட்டக்கு."

"இது சம்பந்தக்கார வீட்டுப் பெரியம்ம. நொரதான். உள்ள ஒண்ணுங் கெடையாது."

"இது ரேஷன் ஆபீஸ் கிளார்க்கு. வாயில வைக்கதுக்கு முந்தியே கசக்கு."

நல்லாருக்கு என்ற வார்த்தை மட்டும் வராது. அவருடைய உச்சமான பாராட்டு, "குடிக்கலாம்." அதையும் ஒரு பீருக்குத்தான் சொன்னார். அந்தப் பீர் செய்த கம்பெனி பிறகு மூடிவிட்டது.

ஒரு தடவை மோசஸ் விஷமம் செய்தான். வைன் ஷாப்பில் எங்களைப் போன்றவர்கள் வாங்குகிற ஸ்ட்ராங் பீரைக் கொண்டுவந்து அண்ணாச்சி தைத்த சட்டையை மாட்டி வைத்துவிட்டான். அண்ணாச்சி குடித்தார். மிளகாய் கடித்தார். மறுபடியும் குடித்தார்.

"இது வெளிநாட்டுச் சரக்கு. ஜெர்மனி. மலையடிவாரமா இருக்கும்."

மோசஸ் ஜிப்பைக் கீழே இழுத்தான். காதர் பாய்க்குச் சோடா மூக்கில் ஏறியது. அண்ணாச்சி அந்தப் பாட்டிலை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவ்வளவு நாளும் ருசிய வேணுமின்னே ஒளிச்சி வச்சிருக்கான், களவாணிப்பய" என்றார். பீரைத்தான் திட்டினார்.

செம்பூரில் ஒரு பப் வாசலில் செக்யூரிட்டி அவருடைய மிளகாய்ப் பையைப் பிடித்துக்கொண்டான். வெளிச் சாப்பாடு கூடாதாம்.

"யே க்யா ஹை?" இது என்னவென்று கேட்டான்.

"தவாய்" என்றார் அண்ணாச்சி. மருந்தாம்.

அவன் நம்பாமல் ஒன்றை எடுத்துக் கடித்தான். அதற்குப் பிறகு நாங்கள் எப்போது போனாலும் எங்களைச் சோதனை போடாமல் உள்ளே விடுவான். சலாம் வேறு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த மனிதருக்கு மகள் ரூபத்தில் சோதனை வந்தது.

சுகந்திக்குத் தாதரில் ஒரு ஆபீசில் அக்கவுண்ட்ஸ் வேலை. ரயிலில் பழக்கமான பையன், விக்னேஷ். சொந்த ஊர் நம்ம பக்கந்தான். வீடு செம்பூர். கெமிஸ்ட்ரி படித்தவன். எல்லாம் சரி. வேலைதான் இடித்தது. லோயர் பரேல் பப்பில் பீர் செய்கிற வேலை.

மதினி பட்டறைக்கே வந்துவிட்டாள். எங்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இவிய குடிக்காவ. சரி, வாரத்துல ஒரு நா, தொலையட்டும். மருமவன் காய்ச்சுதவனா? ஒரே வீட்டுல ஒருத்தன் காய்ச்ச, ஒருத்தன் குடிக்கவா?"

"காய்ச்சுதது இல்லட்டி. புளிக்க வைக்கது" என்றார் அண்ணாச்சி.

"மாவு நானுந்தான் புளிக்க வைக்கேன். எனக்கு எவன் சம்பளம் குடுத்தான்?"

 சுகந்தி வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினாள். பேச்சை நிறுத்தினாள். கடைசியில் மதினி இறங்கி வந்தாள். இறங்கி வந்த மாதிரி இருந்தது.

"சரி. அந்தப் பய செய்யுத பீர இவிய குடிச்சிப் பாக்கட்டும். குடிச்சிட்டு, இந்த வாயால நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். மறு பேச்சு இல்லாமக் கெட்டிக் குடுக்கேன்."

மோசஸ் மெதுவாகச் சொன்னான். "மதினி, முடியாதுன்னு நேராவே சொல்லிருக்கலாம்."

சுகந்தி அப்பாவிடம் போனாள்.

"அப்பா, ஒங்களால முடியுமா?"

"நல்லாருந்தா சொல்லுவேன்."

"நல்லா இல்லன்னா?"

அண்ணாச்சி பையில் தொங்கிய நூலைக் கத்தரித்தார். 

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் என் டெம்போவில் போனோம். மதினி முன் சீட். பட்டுப்புடவை, பூ, கையில் வீட்டுத் தண்ணீர் பாட்டில். மற்றவர்கள் பின்னால், பை மூட்டைகளின் மேல். பப் வாசலில் வண்டியை வாங்கி நிறுத்துகிற ஆள் ஓடி வந்து சாவியை வாங்கினான். டெம்போவைப் பார்த்தான். சாவியைத் திருப்பிக் கொடுத்தான்.

உள்ளே ஏசி. கண்ணாடிக்குப் பின்னால் பெரிய பெரிய எவர்சில்வர் டாங்க்குகள். "நம்ம சொஸைட்டி மாடித் தண்ணி டாங்கி மாதிரில்லா இருக்கு" என்றாள் மதினி.

விக்னேஷ் வந்தான். ஒல்லிப் பையன். ஏப்ரன் கட்டியிருந்தான். கையில் ஒரு மரப்பலகை. பல்லாங்குழி மாதிரி ஆறு குழி, ஆறு குழியிலும் சின்னச் சின்ன கிளாஸ். ஒவ்வொன்றும் ஒரு நிறம். தலையைக் குனிந்துகொண்டு, சிந்தாமல், ஒவ்வொரு அடியாக வைத்து வந்தான்.

"பொண்ணு ஒக்காந்திருக்கா. மாப்ள தட்டு ஏந்திட்டு வாரான்" என்றார் காதர் பாய்.

மதினி சிரிக்கக் கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டாள். பாதி சிரித்துவிட்டாள்.

அண்ணாச்சி முதல் கிளாஸ் குடித்தார். "கஞ்சித் தண்ணி." மிளகாய். இரண்டாவது. "தாதர் பிளாட்பாரம். கூட்டந்தான் இருக்கு, நிக்க எடமில்ல." மிளகாய்.

மூன்றாவதைக் குடித்தார். மிளகாய் எடுக்கவில்லை. இன்னொரு வாய் குடித்தார். புருவம் மேலே போனது. இத்தனை வருஷத்தில் அந்தப் புருவம் மேலே போய் நான் பார்த்ததில்லை. சுகந்தி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அண்ணாச்சி வாயைத் திறந்தார். வார்த்தை தொண்டைக்கு வந்துவிட்டது.

"மாமா, அது எங்க ஹெட் சார் பண்ணது" என்றான் விக்னேஷ். "நான் சிர்ஃப் மூட்ட தூக்கிக் கொட்டினேன், அவ்வளவுதான்."

வாய் மூடிக்கொண்டது.

மோசஸ் தலையில் அடித்துக்கொண்டான். காதர் பாய் தாங்காமல் கேட்டார். "தம்பி, ஒங்கள யாராச்சும் கேட்டாவளா?"

"பொய் சொல்லக் கூடாதுல்ல, அங்கிள்."

நான்காவதும் ஐந்தாவதும்கூட ஹெட் செய்ததுதான். ஆறாவது கிளாஸை விக்னேஷ் தானே எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினான்.

"இது ஒண்ணுதான் என்னோடது. உங்களுக்காகவே பண்ணேன் மாமா. கருப்பட்டி, சுக்கு, கறிவேப்பில. நம்ம ஊர் டேஸ்ட்."

"நீ ஊருக்குப் போயிருக்கியா?"

"ஒரு தடவ. எல்கேஜில."

எங்களுக்கும் அதில் ஆளுக்கு ஒரு கிளாஸ் வந்தது. நான் ஒரு வாய் குடித்தேன். காய்ச்சலுக்குக் கொடுக்கிற கசாயத்தில் சோடாவை ஊற்றி, பழைய பெல்ட்டை நறுக்கி ஊறப்போட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மோசஸைப் பார்த்தேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். பாதி கிளாஸில் அவன் நிறுத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அண்ணாச்சி ஒரு வாய் குடித்தார். அசையவில்லை. சட்டைப் பைக்குக் கை போனது. மிளகாய் பாதி வெளியே வந்தது. சுகந்தி அப்பாவைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விக்னேஷ் காய்ந்த கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தான். மிளகாய் திரும்பப் பைக்குள் போனது. அண்ணாச்சி மீதி கிளாஸையும் ஒரே மூச்சில் குடித்தார்.

"நல்லாருக்கு" என்றார்.

காதர் பாய் சோடா கிளாஸைக் கீழே வைத்தார். 

"என்னது?" என்றாள் மதினி.

"நல்லாருக்குங்கேன்."

மதினி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு என் முன்னால் இருந்த கிளாஸை இழுத்தாள். பிறந்ததிலிருந்து பீர் வாசனை ஆகாதவள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். அவள் முகம் போன போக்கை எழுத என்னால் ஆகாது. வீட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தாள். மூச்சு வாங்கினாள்.

"இதுதான் நல்லாருக்கதா?"

"ஆமா."

"அப்பம் மத்ததெல்லாம் எப்படி இருந்திருக்கும்!" அண்ணாச்சியின் முதுகைத் தடவினாள். "இதையா இத்தன வருசமா குடிச்சிய? பாவம் மனுசன்."

பிறகு விக்னேஷ் பக்கம் திரும்பி, "ஒங்க அம்மைய நாளைக்குக் கூட்டிட்டு வாப்பா" என்றாள்.

திரும்பும்போது டெம்போ பக்கத்தில் அண்ணாச்சி என் தோளைப் பிடித்தார். "ஏல, தண்ணி வச்சிருக்கியா?" வண்டியில் இருந்த பாட்டில் முழுவதையும் காலி செய்தார்.  

கல்யாணம் மாட்டுங்காவில் நடந்தது. நன்றாக நடந்தது.

அந்தக் கருப்பட்டி பீரைப் பப்பில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்தார்கள். முதல் கிளாஸ் வாங்கியவர் யாரும் இரண்டாவது கிளாஸ் வாங்கவில்லை. எடுத்துவிட்டார்கள். ஆனால் விக்னேஷ் விடவில்லை. செய்து பழகுவதற்கென்று அங்கே ஒரு சின்ன டாங்க் இருக்கிறது. ஓனரிடம் கேட்டு, அதில் மாமாவுக்காக மட்டும் செய்கிறான். ஞாயிறு ஆனால் சுகந்தியும் அவனும் பட்டறைக்கு வருவார்கள். பெரிய பிளாஸ்டிக் ஜாடி நிறைய அது வரும்.

"உலகத்துல உங்களுக்கு மட்டுந்தான் மாமா இது புரியுது. எனக்கே சரியாப் புரியல" என்பான். ஊற்றுவான்.

டாக்டர் குடிக்க வேண்டாம் என்றதாக மோசஸ் சொல்லிவிட்டான். நான் வண்டி எடுக்க வேண்டும் என்பேன். காதர் பாய் தன் சோடாவைத் தூக்கிக் காட்டி, "ஆண்டவன் எனக்கு அப்பமே வழி காட்டிட்டான்" என்பார். ரெக்ஸின் சட்டை போட்ட பாட்டில்கள் ஷெல்ஃபில் தூசி படிந்து நிற்கின்றன. பாவி மனிதருக்கு வேறு பீர் குடிக்க ஞாயிறே மிச்சமில்லை.

போன மாதம் சுகந்தி பொறுக்க முடியாமல் கேட்டாள். விக்னேஷ் மாடியில் போன் பேசிக்கொண்டிருந்தான்.

"அப்பா, நெசத்தச் சொல்லிருங்களேன். அவரு கோவப்பட மாட்டாரு. இதவிட நல்லதாவே செஞ்சிட்டு வருவாரு."

"நல்லதா செஞ்சா ஊருக்கே ஊத்துவாம்லா" என்றார் அண்ணாச்சி. "இத எனக்கு மட்டும்லாட்டி செய்யுதான்."

போன ஞாயிறும் ஜாடி வந்தது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவன் ஊற்ற ஊற்றக் குடித்தார்.

நான்கு கிளாஸ்.