குகனேஸ்வரியின் முன்கள வீரர்

ஒருவர் ஒரு வீட்டில் குடியிருக்கிறார் என்பதற்கு, அவர் அந்த வீட்டில் குடியிருப்பது போதிய ஆதாரம் ஆகாது. நாகரிகமடைந்த நாடுகள் எல்லாவற்றிலும் இதுதான் நடைமுறை. பலெர்மோ நகரமும் நாகரிகத்தில் யாருக்கும் பின்நிற்பதில்லை.

கஸ்பார் லோர்பெக் ஸ்லொவேனிய நாட்டு உதைபந்தாட்டக்காரர். முன்கள வீரர். அதாவது கோல் அடிப்பதற்கென்றே வைத்திருக்கப்படுபவர். வடக்கு இத்தாலியிலுள்ள ஒரு கழகம் அவரைப் பலெர்மோவிலுள்ள ஒரு சின்னக் கழகத்துக்கு இரவல் கொடுத்திருந்தது. நம்மவர்கள் ஏணி, குடை, தேங்காய் திருவலை போன்றவற்றைத்தான் இரவல் கொடுப்பார்கள். உதைபந்தாட்டத்தில் ஆளையே கொடுப்பார்கள். திருப்பி வாங்கும்போது முழங்கால் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவார்கள். இப்படி இரவலில் வந்த கஸ்பார், முப்பத்துமூன்று வயதில், பொலித்தெயாமா அரங்குக்குப் பக்கத்தில் நாலாம் மாடி வீடொன்றில் தனியாக இருந்தார்.

அந்த வீட்டில் காலை நேரத்து வேலைக்குப் போனவள் குகனேஸ்வரி. யாழ்ப்பாணத்துக்காரி, இருப்பது அதே நகரத்தில் போர்கோ வெக்கியோ என்ற பகுதியில். நவம்பர் பன்னிரண்டாம் திகதியோடு அவளுடைய பெர்மெசோ, அதாவது வதிவிட அனுமதி, முடிகிறது. கணவர் விக்னராஜாவின் பெர்மெசோவும் மகள் கேசிகாவின் பெர்மெசோவும் இவளுடையதில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்துக்கு முதலாளியின் வதிவிடப் பதிவு வேண்டும். பதிவுக்கு, முதலாளி அந்த வீட்டில் இருப்பதை ஒரு நகரக் காவலர் தன் கண்ணால் காணவேண்டும்.

காவலர் வேலைநாட்களில் காலை பத்து மணிக்கு வருவார். கஸ்பாருக்கு வேலைநாட்களில் காலை பத்து மணிக்கு சியாகுல்லிப் பக்கத்து மைதானத்தில் பயிற்சி. இருவரும் கடமையில் ஒருநாளும் தவறாதவர்கள் ஆகையால் சந்திக்க வாய்ப்பே இருக்கவில்லை.

(இவர்கள் எல்லாரும் கதைத்தது இத்தாலியனில். குகனேஸ்வரியின் இத்தாலியனையும் கஸ்பாரின் இத்தாலியனையும் யாழ்ப்பாணத் தமிழில் எழுதுவதுதான் பொருத்தம். உத்தியோகத்தர்களின் பேச்சை உத்தியோகபூர்வத் தமிழில் எழுதாவிட்டால் அவர்கள் கோபிப்பார்கள்.)

"லோர்பெக் என்பவர் எங்கே?" என்றார் காவலர்.

"பயிற்சிக்குப் போட்டார். நீங்கள் உள்ளுக்கு வாங்கோ. நாலு மாடி ஏறி வந்திருக்கிறியள். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

பிழை இங்கேதான் நடந்தது. வந்த மனிதரை வாசலில் நிற்கவைத்துக் கதைத்து அனுப்ப குகனேஸ்வரிக்குத் தெரியாது. தேத்தண்ணியோடு இரண்டு றோல்ஸும் வைத்தாள். காவலர் மென்றுகொண்டே எழுதினார்: "காணப்பட்டவர்: பெண்மணி ஒருவர். வாசலில் பெண்கள் செருப்பு ஒரு சோடி. உபசரிப்பு நன்று." இரண்டாம் முறையும் இதே நடந்தது. மூன்றாம் முறை காவலர் காலைச் சாப்பாடு சாப்பிடாமலே வந்தார். அன்று அவர் கஸ்பாரைப் பற்றி விசாரிக்கவே மறந்துபோனார்.

பதினைந்து நாட்களில் அலுவலகத்திலிருந்து இருவருக்கும் அழைப்பு வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லத் தேவையில்லை, அலுவலகங்களுக்கும் மானம் உண்டு. அங்கே தொத்தோரே கலோஜெரோ கோவையொன்றை விரித்துவைத்தபடி இருந்தார். இந்த நாட்டில் மேசை உள்ளவர் எல்லாரும் தொத்தோரேதான்.

"வாழ்த்துகள், சிஞ்ஞோரா. அவ்வீட்டின் வதிவாளர் தாங்களே என உறுதிப்படுத்தப்பட்டுள்ளது."

"ஐயோ, நான் அங்கை வேலை செய்யிறனான். நான் இருக்கிறது போர்கோ வெக்கியோவிலை."

"அது தங்கள் கருத்து. இது கோவை. தாங்கள் மூன்று முறை காணப்பட்டுள்ளீர்கள். வந்தவரை அமரச் சொல்லியுள்ளீர்கள். அமரச் சொல்பவரே வீட்டுக்கு உரியவர்."

"அப்ப நான்?" என்றார் கஸ்பார்.

"நீங்கள் ஒருமுறையேனும் காணப்படவில்லை."

"போன ஞாயிறு மூவாயிரம் சனம் என்னைக் கண்டது."

"எத்தனை நிமிடங்கள்?"

கஸ்பார் தலை குனிந்தார். "நாலு."

"நான்கு நிமிடத்தில் வதிவிடம் உண்டாகாது. தவிர, நீங்கள் இரவல். இரவல் பொருளின் முகவரி, கொடுத்தவரின் முகவரியே ஆகும்."

குகனேஸ்வரிக்குக் கண் கலங்கியது. "ஐயா, ஒப்பந்தம் இல்லாட்டி என்ரை பெர்மெசோ போச்சு. எனக்கில்லாட்டி என்ரை மனுசனுக்கும் பிள்ளைக்கும் இல்லை."

கலோஜெரோ கெட்டவர் அல்ல. கண்ணீரைக் கண்டால் அவரும் இளகிவிடுவார். கோவையை முன்னும் பின்னும் புரட்டினார். ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் அவர் முகம் தெளிந்தது.

"வீடு தங்களுடையது. ஆகவே இவர் தங்கள் விருந்தினர். விருந்தினர் ஒருவர் வீட்டுக்காரரை வேலைக்கு வைப்பதை ஏற்க முடியாது. ஆனால் வீட்டுக்காரர் விருந்தினரை வேலைக்கு வைப்பதில் தடை இல்லை."

"நான் இவரை வேலைக்கு வைக்கிறதோ?"

"ஐரோப்பியப் பிரசைக்குத் தொழில் வழங்கும் வெளிநாட்டவர் என்றொரு பிரிவு உண்டு. அந்தப் பிரிவில் பெர்மெசோ கிடைக்கும். இதுவரை எவரும் விண்ணப்பிக்காததால், இதை நிராகரிக்கும் நடைமுறையே இன்னும் வகுக்கப்படவில்லை." அவர் மேசையின் அடி லாச்சியிலிருந்து படிவமொன்றை எடுத்துத் தூசி ஊதினார். பணி: வீட்டுப் பராமரிப்பு. சம்பளம் எப்படி என்று யாரும் கேட்கவேண்டாம், படிவத்தில் அதற்கு இடம் விடப்படவில்லை.

"முன் அனுபவம்?" என்று கஸ்பாரைக் கேட்டார்.

"பிதுய் எண்டு எங்கடை ஊர். ஊர்க் கழகத்திலை மூண்டு வருசம். ஒரு பருவத்திலை பத்தொன்பது கோல் அடிச்சனான்."

"விலகிய காரணம்?"

"நல்லா அடிச்சதாலை வித்துப்போட்டினம்."

"அடுத்து?"

"லூப்லியானா. அடிக்காததாலை வித்துப்போட்டினம்."

"அதன்பின்?"

"ஒஸ்ரியா. முழங்கால். சைப்பிரஸ். கழகம் வங்குரோத்து. ஹங்கேரியிலை என்னைப் பிடிச்ச பயிற்சியாளரைக் கலைச்சுப்போட்டினம். கசக்ஸ்தானிலை தலைவற்றை மருமகனும் முன்கள வீரர். பிறகு இத்தாலி. வந்த நாள் முதல் இரவல்தான், இது மூண்டாவது."

கலோஜெரோ பேனையை வைத்துவிட்டுக் குகனேஸ்வரியின் பக்கம் சாய்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "சிஞ்ஞோரா, தீர யோசியுங்கள். ஒன்பது இடம். ஆள் ஓரிடத்திலும் நிலைத்ததில்லை."

குகனேஸ்வரி கஸ்பாரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். இப்படியான பார்வையைப் பதினேழு வருடமாகப் பல வீட்டு வாசல்களில் அவள் வாங்கியிருக்கிறாள். கொடுப்பது இதுதான் முதல்தடவை. கொடுக்கும்போது அது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

"பரவாயில்லை, பழக்கி எடுக்கலாம்" என்றாள்.

பெர்மெசோவுக்கு விண்ணப்பித்ததற்கான துண்டு அன்றைக்கே கையில் கிடைத்தது. காட், அதாவது பெர்மெசோ அட்டை, ஐந்து மாதத்தில் வரும் என்றார்கள்.

சட்டம் சட்டம்தான். சோதனைக்கு வரும் காவலரின் கண்ணில் படும்படி கஸ்பார் வேலை செய்தாகவேண்டும். கழகம் அவரை ஆட்டத்தில் இறக்காமல் வாங்கில் இருத்திவிட்டதால் பயிற்சிக்கும் அவசரமில்லை. அவர் இஸ்திரிப்பெட்டியால் சட்டைகளை அழுத்தினார், பல்கனி கழுவினார். மனிதர் ஆறடி மூன்றங்குல உயரம், ஏணி இல்லாமலே ஒட்டடை அடித்தார். குகனேஸ்வரி முதல் கிழமை கூச்சப்பட்டாள். இரண்டாம் கிழமை, "கொலரை முதல் அழுத்தும் தம்பி, பிறகு கை" என்றாள். மூன்றாம் கிழமை அலுமாரியின் மேல்தட்டில் விரலை ஓட்டித் தூசி பார்த்தாள். கஸ்பார் துணியை எடுத்து மறுபடி துடைத்தார். ஒன்பது பயிற்சியாளர்களைப் பார்த்தவருக்கு இதெல்லாம் புதிதல்ல. அவளை "அக்கா" என்று கூப்பிடப் பழகியிருந்தார்.

செய்தி போர்கோ வெக்கியோவில் பரவியது. தென்கரைத் தமிழர் முன்னேற்ற ஒன்றியத்தின் செயலாளர் ஏர்னஸ்ற், மன்னார்க்காரர், கையில் பொன்னாடையோடு வந்தார்.

"அக்கா, வெள்ளைக்காரனை வேலைக்கு வச்ச முதல் தமிழிச்சி நீங்கள்தான். இது எங்கடை இனத்துக்கே பெருமை. பாராட்டு விழாவுக்கு ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையிலை மண்டபம் எடுத்திட்டம். பதினாலு பேர் பேசுகினம், பிறகு மீன் விருந்து."

"கஸ்பாரும் வரலாமோ?"

"வரலாம், வரலாம். ஆரோ மீன் பரிமாறத்தானே வேணும்."

அதற்குப் பிறகு ஊரில் ஒரு மோஸ்தர் கிளம்பியது. வெள்ளைக்காரர் இல்லாத தமிழ் வீடு வீடே அல்ல என்று ஆகிவிட்டது. ஒரு பிள்ளையின் பூப்புச் சடங்கான சாமத்தியவீட்டில் சுவீடன்காரர் ஒருவர் வேட்டியோடு ஆலாத்தித் தட்டு ஏந்தினார். வீடியோக்காரர் பிள்ளையை விட்டுவிட்டு அவரையே எடுத்தார். ஓய்வுபெற்ற டென்மார்க் பேராசிரியர் ஒருவரை இரண்டு குடும்பங்கள் பங்குபோட்டு வைத்திருந்தன. "எங்கடையாள் சரியான நேர்மை, ஆனால் பாத்திரம் வடிவாத் தேய்க்கத் தெரியாது" என்று பெண்கள் கோயில் வாசலில் நின்று முறையிட்டார்கள்.

காட் வர ஒரு மாதம் இருக்கையில் கஸ்பார் ஒரு கடிதத்தோடு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"அக்கா, எங்கடை ஊர்க் கழகம் கூப்பிடுது. முதல் பதினொரு பேரிலை இடம் தருவினமாம். அம்மா ஒவ்வொரு ஆட்டமும் வந்து பாப்பா. எனக்கும் வாங்கிலை இருந்து அலுத்துப்போச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ளை பதியவேணும். எல்லா முதலாளிமாரும் விடுவிச்சுக் கையெழுத்து வைக்கவேணும்."

"கழகம் வச்சிட்டுதோ?"

"வடக்குக் கழகம் உடனை விட்டிட்டுது. இஞ்சத்தைத் தலைவர் நிண்ட நிலையிலை வச்சார். பேனையும் அவரே தந்தார். இனி நீங்கள்தான்."

குகனேஸ்வரி கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். பாவம், தாயைப் பார்க்கப் போகவேண்டிய பிள்ளை. ஆனால் அவர் வேலையை விட்டுப் போனால் காட் வராது. மூன்று பெர்மெசோவும் ஒன்றாகப் போய்விடும். உண்மையைச் சொல்லி, "ஒரு மாதம் பொறும் தம்பி, ஊர்க் கழகத்தைக் கேட்டுப் பாரும்" என்று மன்றாடியிருக்கலாம். கஸ்பார் இருந்தாலும் இருந்திருப்பார். ஆனால் கையெழுத்து வைக்கும் இடத்தில் இருப்பவர்கள் மன்றாடுவதில்லை. அவள் கதிரையை இழுத்து மேசைக்கு முன்னால் இருந்தாள். கஸ்பார் நின்றார்.

"உம்மடை பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருக்கோ?"

"இருக்கு அக்கா. இஞ்சை."

"என்ன பாசையிலை?"

"ஸ்லொவேனிய பாசையிலை."

"விளங்காத கடதாசியை நம்பி நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது? தமிழிலை மொழிபெயர்த்து முத்திரை குத்திக்கொண்டு வாரும்."

"பலெர்மோவிலை ஆரக்கா ஸ்லொவேனியத்திலையிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பினம்?"

"அது எனக்குத் தெரியாது தம்பி. நடைமுறை அப்பிடி."

வெள்ளிக்கிழமை வந்து போனது. ஊர்க் கழகம் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொண்டது. கஸ்பார் கொஞ்ச நேரம் பல்கனியில் நின்றார். பிறகு உள்ளே வந்து மிச்சச் சட்டைகளை அழுத்தினார், கொலரை முதல், பிறகு கை. அன்று முழுக்கக் குகனேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயம் காவலர் மூலமாக, றோல்ஸ் மூலமாக, கலோஜெரோவின் காதுக்கு எட்டியது. அவர் எழுந்து நின்றுவிட்டார். முப்பது வருடச் சேவையில் தனக்கு இப்படியொரு யோசனை வரவில்லையே என்று உண்மையாகவே வெட்கப்பட்டார். நல்லது எங்கிருந்து வந்தாலும் ஏற்றுக்கொள்வது அரசாங்கத்தின் கடமை. இரண்டு கிழமையில் சுற்றறிக்கை வந்தது: "ஸ்லொவேனியரின் ஆவணங்கள் தமிழில் கோரப்படுவதால், பரஸ்பரக் கோட்பாட்டின்படி, தமிழரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள் ஸ்லொவேனிய மொழியில் சமர்ப்பிக்கப்படல் வேண்டும். அன்றேல் காட் வழங்கப்படமாட்டாது."

நகரத்தில் அந்த மொழி தெரிந்தவர் என்று கோவையில் இருந்தது ஒரே ஒருவர். அவருக்கு ஒரு முத்திரையும் ஒரு மேசையும் அனுப்பிவைக்கப்பட்டன.

திங்கட்கிழமை காலை நாலு மாடிப் படிகளிலும் சனம். யாழ்ப்பாணம், மன்னார், தீவுப்பகுதி எல்லாம் இலக்கத்தோடு நின்றது. ஏர்னஸ்ற் அதே பொன்னாடையை வேறு உறையில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றார். முதலாளி என்ற முறையில் நேரே உள்ளே போகலாம் என்றுதான் குகனேஸ்வரி நினைத்தாள். சனம் விடவில்லை. அவளுக்குக் கிடைத்தது அறுபத்துமூன்று. பின்னால் அறுபத்துநாலாம் இலக்கத்தோடு கணவர் விக்னராஜா.

மத்தியானம் அவளுடைய முறை வந்தது. கஸ்பார் இருந்தார். அவள் நின்றாள். அவர் பத்திரத்தை வாங்கி முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தமிழில் அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அது அவருக்குத் தடையாக இருக்கவில்லை.

"முத்திரை தெளிவில்லை அக்கா. ஊரிலையிருந்து புதுசா எடுப்பிச்சுக்கொண்டு வாங்கோ."

"தம்பி, இது நான். என்னைத் தெரியாதோ உமக்கு?"

கஸ்பார் பத்திரத்தைத் திருப்பி நீட்டினார். பதில் சொல்லவேண்டிய தேவை வரவில்லை. படி முழுக்க முணுமுணுப்பு எழுந்தது. நேரம் போகுது என்றார்கள். சிலருக்கு மட்டும் என்ன தனிச் சட்டமோ என்றார்கள். பின்னால் நின்ற விக்னராஜா அவளை முழங்கையால் ஒதுக்கிவிட்டுத் தன் கடதாசியை மேசையில் நீட்டினார்.

"ஐயாதான் ஏலாது எண்டு சொல்லிப்போட்டாரே. நிண்டு மினக்கெடாமல் வழியை விடும்."