எங்கடினில் ஒரு பூட்டன்

ஒன்றைத் தேடி அலைகிறவன் கண்ணுக்கு எங்கே பார்த்தாலும் அதுதான் தெரியும். நான் என் பூட்டனைத் தேடினேன். (கிடைத்தார். அதுதான் வினையே.)

தொண்ணூறுகளின் கடைசியில் சுவிஸ் மலைப்பகுதியான எங்கடினில் ஒரு ஹோட்டலில் சமையல்காரனாக இருந்தேன். சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு நேர்முகத்துக்குக் காத்திருந்த நேரம். அங்கே குடியுரிமை தருவது ஊர்தான்; வேற்றூர் சுவிஸ்காரரும் கேட்டுத்தான் வாங்கவேண்டும். ஒருநாள் கிராம அலுவலகத்தில் எழுத்தர் அம்மா பழைய குடியுரிமைப் பதிவேட்டைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். நூறு வருடப் பழைய கோழிக்கிறுக்கலில் எனக்குப் பிடிபட்டது மூன்றே சுருக்கங்கள்: ‘முத். கந். தமி.’

என் பூட்டன் முத்துக்கந்தன் திருகோணமலையில் ஒரு வெள்ளைக்காரத் துரையோடு கப்பலேறியவர், திரும்பவேயில்லை. முத்துக்கந்தன், தமிழன். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? பிரதி எடுத்துக்கொண்டு ஓடி, சூரிச் ஓர்லிகோனில் இருந்த அண்ணைக்குப் போன் எடுத்து அழுதேன்.

மனைவி மட்டும் அசையவில்லை. "உந்தக் கதையை அங்க போய்க் கதைக்காதேங்கோ. கிடைக்கிறதும் கிடையாமல் போயிடும்."

"விசர்க்கதை கதையாதையும். நாங்கள் இஞ்ச நூறு வருசத்து ஆக்கள்," என்றேன்.

நேர்முகத்தில் கிராமத் தலைவரும் ஓர் ஆசிரியரும் இருந்தார்கள். குறிப்பெடுக்க அதே எழுத்தர் அம்மா. தலைவரை ஊரில் குடும்பப் பெயர் சொல்லி ‘மூட்’ என்பார்கள். மலை முளைத்த நாளிலிருந்து தன் குடும்பம் அங்கேதான் என்று பீற்றிக்கொள்பவர். வெளியாரைக் கண்டால் முகம் கடுக்கும்.

"ஏன் இந்த ஊர்க்காரனாக விரும்புகிறீர்கள்?" என்றார்.

மனப்பாடம் செய்த பதிலைக் கைவிட்டேன். "நான் ஏற்கெனவே இந்த ஊர்தான். இவர் என் பூட்டன்." பிரதியை மேசையில் வைத்தேன்.

தலைவர் கண்ணாடி போட்டு வாசித்தார். காது சிவந்தது. "இது தமின்ஸ். சூரிச் போகும் வழியில் ஜெர்மன் பேசும் ஒரு ஊர். ஆள் கண்டிட் மூட், பால்கட்டி செய்பவர்." கண்ணாடியைக் கழற்றினார். "என் பூட்டன்."

(‘முத்’ என்று எழுதி ‘மூட்’ என்று வாசிப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னது?)

நிலம் பிளந்து என்னை விழுங்கினால் போதும் என்றிருந்தது. எழுத்தர் அம்மாவோ உற்சாகமாக மிச்சத்தையும் வாசித்தார். "மூன்றாவது விண்ணப்பத்தில் ஏற்கப்பட்டார். முன்பு இருமுறை மறுப்பு. காரணம்: ஊர்ப் பாஷை தெரியாது."

ஆசிரியர் கூரையைப் பார்த்தார். தலைவர் பிரதியை மடித்து என் பக்கம் தள்ளினார்.

"உங்களுக்கு எங்கள் பாஷை வருமா?" என்றார் கடைசியில்.

"கொஞ்சம்," என்றேன் ஊர்ப் பாஷையிலேயே.

"அவருக்கு அதுவும் வரவில்லை," என்று என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

இன்றைக்கும் சூரிச் போகும்போது ரயில் தமின்ஸில் நிற்கும். என் மகன் எழுந்து பெட்டி முழுக்கக் கேட்கச் சொல்லுவான்: "அப்பா, பூட்டன்ர ஊர் வந்திட்டுது. சப்பாத்தைக் கழட்டிப்போட்டுக் கும்பிடுங்கோ."